முருகன்பூண்டி வேடுவர் ஐம்புலன்களா? பதிகத்துக்கு உட்பொருள் சொல்வது எப்படி?

நொய்யல்கரை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க வார வழிபாட்டுக் குழுவுல அடுத்த கூட்டத்துக்குச் சுந்தரர் பாடின ஏழாம் திருமுறை 49ஆம் பதிகம், திருமுருகன்பூண்டி. ஓதி முடிச்ச பிறகு 45 நிமிசம் விளக்கம் சொல்லணும். கேக்க வர்றவங்கள்ல பாதிப் பேர் பனியன் கம்பெனியில ஷிப்ட் முடிச்சு நேரா வர்றவங்க. களைப்போட வந்தாலும் கேள்வி கூர்மையா கேப்பாங்க.

இந்தப் பதிகத்துக்கு, அதாவது சேரமான் தந்த பொன்னோட வந்த சுந்தரரோட ஆட்கள்கிட்ட வேடுவர் பறிச்ச கதைக்கு, நம்ம பக்கம் சொற்பொழிவுகள்ல ஒரு உட்பொருள் சொல்றாங்க. வழிமறிச்ச வேடுவர் ஐம்புலன், பறிபோன பொன் ஞானம், காட்டுவழி பிறவி, கோயில் உள்ளம். கேக்க நல்லா இருக்குது. ஆனா இது சைவ சித்தாந்தத்துக்குள்ள நிக்குமா, இல்ல யாரோ கட்டி விட்டதான்னு தெரியலீங்க. உட்பொருள் சொல்றதுக்கு முறைன்னு ஒண்ணு இருந்தா அதைப் படிப்படியா சொல்லுங்க. இதை நனவு, கனவு, உறக்கம்னு வர்ற அவத்தைகளோட (உயிரோட நிலைகள்) சேர்த்துச் சொல்ல முடியுமா? எல்லாம் உள்ளுக்குள்ள நடக்குறதுன்னு சொல்லிட்டா, "அப்புறம் எதுக்குங்க பூண்டிக்குப் போகணும்"னு ஒருத்தர் நிச்சயமா கேப்பார். அதுக்கும் பதில் வேணும்.

---

பூந்துறைநாட்டான்

நல்ல கேள்விங்க. முதல் வேலையா ரெண்டு நூலையும் தனித்தனியா வைங்க. குழப்பம் பெரும்பாலும் இங்கேயே தொடங்கிடுது. சுந்தரர் பாடிய பதிகம் ஒன்று. அது பிறந்த கதையைச் சேக்கிழார் சொல்வது இன்னொன்று. பெரியபுராணத்தின் கழறிற்றறிவார் (சேரமான் பெருமாள்) புராணத்தில் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் சில நூற்றாண்டுகள் இடைவெளி. சொற்பொழிவுகளில் இரண்டையும் கலந்து ஒரே கதையாகச் சொல்லிவிடுகிறார்கள்.

பதிகத்தை மட்டும் படிச்சுப் பாருங்க. வேடுவர் வில்லைக் காட்டி வெருட்டுகிறார்கள், கல்லால் எறிகிறார்கள், "கூறை கொள்ளுமிடம்" என்று வருகிறது. பறிபோவது உடுத்த துணி. சேரமான் பெருமாள் தந்த பொன்னும், அதைச் சுமந்து வந்த ஆட்களும் சேக்கிழாரிடம்தான் வருகிறார்கள். ஆகவே "பொன் என்பது ஞானம்" என்று தொடங்கினால் பதிகத்தில் அதற்குக் காலூன்ற இடமே கிடையாது. வேடுவர் சிவபூதங்கள் என்பதையும் பதிகம் சொல்லவில்லை. "இப்படிப்பட்ட இடத்தில் எத்துக்கு இங்கிருந்தீர் எம்பிரானீரே" என்று சுந்தரர் கோபத்தோடு கேட்கிறார், அவ்வளவுதான்.

இனி முறைக்கு வருவோம். பொழிப்புரை முழுசாகச் சொல்லி முடிக்காமல் உட்பொருளைத் தொடாதீங்க. 10 பாட்டுக்கும் நேர்பொருள் வந்த பிறகு, எந்தத் திறவுகோலால் திறக்கப் போகிறீர்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்க. அந்தத் திறவுகோல் நம் சாத்திரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். இந்த இடத்தில் இருக்கிறது. சிவஞானபோதம் 8ஆம் சூத்திரம், "ஐம்புல வேடரின் அயர்ந்தனை வளர்ந்து" என்று தொடங்குகிறது. புலன்களை வேடர் என்று சொன்னவர் மெய்கண்டாரே. எனவே "யாரோ கட்டி விட்டது" என்ற சந்தேகம் வேண்டாம். ஆனால் மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டு. சுந்தரர் இதை நினைத்துத்தான் பாடினார் என்று சொல்லிவிடாதீங்க. "மெய்கண்டார் தரும் கண்ணாலே இந்தப் பதிகத்தைப் பார்க்கிறோம்" என்று சொன்னால் நேர்மையாக இருக்கும்.

அடுத்தது, பொருத்திப் பார்க்கிற வேலை. இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். சூத்திரத்தில் வரும் வேடர் யாரையும் கொள்ளையடிக்கவில்லை. அரசகுமாரன் ஒருவன் அவர்களிடையே வளர்ந்து, தான் யார் என்பதையே மறந்துபோகிறான். அங்கே வேடர் வளர்ப்பவர்கள். பூண்டியில் வேடர் பறிப்பவர்கள். ஒன்று மறதி, மற்றது இழப்பு. உள்ளத்தில் இவை இரண்டும் வேறு வேறு நிலைகள். மறதியில் இருப்பவனுக்குத் தன்னிடம் ஏதோ குறைகிறது என்றே தெரியாது. பறிகொடுத்தவனுக்கு அது நன்றாகத் தெரியும். பூண்டியில் நிற்பவர் பறிகொடுத்தவர். ஆகவே 8ஆம் சூத்திரத்தை அப்படியே தூக்கி வைத்தால் பாதிதான் பொருந்தும்.

பொருந்தாத உறுப்பு வந்தால் அதை மறைக்காதீங்க. அங்கேயே நின்று யோசிங்க. இந்தக் கதையில் பெரிய முரண் ஒன்று இருக்கிறது. சேக்கிழார்படி வேடுவர் சிவபெருமான் ஏவிய பூதங்கள். வேடுவர் புலன்கள் என்றால் புலன்களை ஏவி நம்மைப் பறிகொடுக்க வைப்பவன் சிவன் என்றாகும். "புலன்கள் பகைவர், அவற்றை ஒழி" என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். சித்தாந்தம் தாண்டச் சொல்லவில்லை. அதற்கு அங்கே பெயர் திரோதானம், மறைப்பாற்றல். உயிரைப் பற்றிய அழுக்கான மலத்தைச் செலுத்தி அது பழுக்கும்வரை உயிரை உலகில் ஓட்டுவதால் அந்த ஆற்றலையே, திரோதாயி என்ற பெயரில், ஐம்மலங்களில் ஒன்றாக எண்ணினார்கள். உண்மையில் அது அருள்தான். வேடம் போட்ட பூதம் என்பதற்கு இதைவிடச் சரியான உட்பொருள் எனக்குத் தெரிந்து வேறு கிடையாது. முரண்டு பிடித்த உறுப்பிலிருந்துதான் இது கிடைத்தது என்பதைக் கவனிங்க.

சின்ன எச்சரிக்கை. பதிகத்தில் "வடுக வேடுவர்" என்று வருகிறது. இன்றைக்கு நம் பக்கம் வாழ்கிற எந்தச் சமூகத்தோடும் இதைச் சேர்த்துப் பேச இடம் கொடுக்காதீங்க. வந்தவர்கள் பூதங்கள் என்று சேக்கிழார் சொல்லியிருப்பதே போதும்.

---

கூடுதுறை

பூந்துறையார் சொன்னதோடு அவத்தைக் கணக்கைச் சேர்க்கிறேன். இதை எண்ணோடு சொன்னால்தான் கேட்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

சிவஞான சித்தியார் பாட்டு "சாக்கிரம் முப்பத்தைந்து நுதலினில்" என்று போகும். நனவில் உயிர் நுதலில் நின்று 35 கருவிகளோடு வேலை செய்கிறது: ஞானேந்திரியம் 5, கன்மேந்திரியம் 5, சத்தம் முதலிய 5, வசனம் முதலிய 5, வாயு 10, அந்தக்கரணம் (மனம் முதலிய அகக்கருவி) 4, புருடன் (உயிர்) 1. கனவில் கழுத்துக்கு இறங்கும்போது ஞானேந்திரியம், கன்மேந்திரியம் ஆகிய 10 கழல, மீதி 25. உறக்கத்தில் இதயம், அங்கே சித்தம், பிராணன், புருடன் என்று 3. துரியத்தில் உந்தி, பிராணனும் புருடனும் 2. துரியாதீதத்தில் மூலாதாரம், புருடன் மட்டும் 1. அரசன் வாயிலுக்கு வாயில் பரிவாரத்தை நிறுத்திவிட்டு அந்தப்புரத்துக்குள் தனியே போவதாக இதை விளக்குவார்கள். "அமைச்சு அரசு ஏய்ப்ப" என்று சிவஞானபோதம் 4ஆம் சூத்திரம் தொடங்கி வைத்த உவமை அது.

இப்போது பூண்டிக்கு வாங்க. சேக்கிழார் ஒரு நுட்பம் வைத்திருக்கிறார். சொற்பொழிவுகளில் இது விடுபட்டுப் போகிறது. வேடுவர் சுமையாட்களிடம் பறித்தார்கள். சுந்தரரை நெருங்கவே இல்லை. "ஆரூரர் தம்பால் அவ்வேடுவர் சென்று அணையாதே" என்கிறார். சுமந்து வந்தவை எல்லாம் கழன்றன, அவர் மட்டும் நின்றார். 35இல் 34 கழன்று 1 நிற்பதும் இந்த அமைப்புதான். நொய்யல்கரை கேட்ட அவத்தைத் தொடர்பு இந்த இடத்தில் இயல்பாக வருகிறது. "ஐந்து வேடர் ஐந்து புலன்" என்று எண் வைத்துப் பொருத்தத் தேவையே இல்லை. வேடுவர் ஐவர் என்று எந்த நூலும் சொல்லவில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஆனால் இதோடு நிறுத்தினால் பெரிய பிழை வந்துவிடும். கருவிகள் கழன்றால் ஞானம் வந்துவிடாது. தினமும் தூக்கத்தில் அவை கழலத்தான் செய்கின்றன. ஆணவம் என்ற மலத்தின் இருள் மூடியிருப்பதால் உயிர் எதையும் அறிவதில்லை. இது கீழாலவத்தை, உயிர் அறிவு மங்கிக் கீழே இறங்கும் நிலை. சும்மா உட்கார்ந்து எண்ணம் ஓய்ந்தால் அதுவே துரியம் என்று நம் ஊர்த் தியான வகுப்புகளில் சொல்கிறார்கள். மாண்டூக்கிய உபநிடதத்தில் துரியம் நான்காவது, அதுவே உயர்ந்தது. சித்தாந்தக் கீழாலவத்தையில் துரியம் உறக்கத்தைவிட ஆழமான மயக்கம். சொல் ஒன்று, இடம் வேறு. இரண்டையும் கலந்து பேசினால் கேட்பவர் மயக்கத்தையே சமாதி என்று எடுத்துக்கொள்வார். எந்தக் கணக்கில் பேசுகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்க.

அப்படியானால் பூண்டியில் நடந்தது எந்த அவத்தை? நூலே சோதனை தருகிறது. பறிகொடுத்த பிறகு சுந்தரர் நடந்து கோயிலைத் தேடிப் போகிறார், இறைவனிடம் பேசுகிறார், பாடுகிறார். கேவலத்தில், அதாவது ஆணவ இருளில் மூழ்கி, கிடக்கும் உயிர் பாடாது. எனவே இது அருளோடு கூடிய நின்மலாவத்தைப் பக்கம். பறித்த பொருளெல்லாம் அருளால் திருவாயிலில் குவிகிறது. அதை மீண்டும் பெற்றுக்கொண்டு போகிறார். பொருள் மாறவில்லை, கொடுத்த கை மாறியிருக்கிறது. சேரமான் கொடுத்தது இப்போது சிவன் கொடுத்தது. பசுகரணம் (உயிரின் கருவி) சிவகரணமாவது (சிவனின் கருவியாவது) என்று சாத்திரம் சொல்வது இதைத்தான். கண் அதே கண், காது அதே காது. புலனை அழிப்பதாகச் சொல்லும் உட்பொருள் இந்தக் கடைசிக் காட்சியில் உடைந்துபோகும். திரும்பக் கிடைத்ததற்கு அதனிடம் விளக்கம் கிடையாது.

---

நொய்யல்கரை

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். சுமையாள் விசயம் இதுவரைக்கும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இதே முறையில, பிள்ளையை விழுங்கி, சுந்தரர் பாடினதும் திருப்பித் தந்த அவிநாசி முதலையைப் பார்க்கலாமுங்களா? முதலை ஆணவம், குளம் பிறவி, பிள்ளை உயிர்னு சொல்றாங்க. கூட்டத்துல பாதிப் பேர் அவிநாசிக்காரங்க, கண்டிப்பா கேப்பாங்க. அறுபடை வீடு உடம்புல இருக்கற ஆறு ஆதாரம்னு சொல்றதையும் ஒருத்தர் கொண்டு வருவார்.

---

காங்கேயம் ஆசிரியை

அவிநாசிக்கு நான் சொல்றேனுங்க.

முதலை ஆணவம் என்பது சித்தாந்தத்துக்கு ஒத்து வராது. ஆணவம் அநாதி, செம்பில் களிம்பு போல உயிரோடு எப்போதும் இருப்பது. கதையில் பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது, ஒரு நாள், குளத்தில் முதலை விழுங்குகிறது. அதற்கு முன்னால் அவன் விழுங்கப்படாமல் இருந்தான். ஆணவத்துக்கு முன்னால் தூய உயிர் ஒன்று இருந்தது என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறீர்கள். இது நம் கொள்கைக்கு நேர் எதிர்.

பதிகமே வேறு பெயரைத் தருகிறது: "கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே" (7ஆம் திருமுறை, 92). சுந்தரர் இறைவனிடம் கேட்கிறார். இறைவன் காலனுக்குச் சொல்ல வேண்டும். முதலை தர வேண்டும். மூன்று அடுக்கு ஆணை. காலனும் முதலையும் ஆணைக்கு அடங்கியவர்கள், தாமாக எதையும் செய்யாதவர்கள். உட்பொருள் வேண்டுமானால் முதலையைக் காலத்தோடும் வினையோடும் வைங்க. வினைக்குத் தொடக்கமும் நுகர்ந்து தீர்வதும் உண்டு. இறைவன் ஆணையால்தான் அது வந்து பொருந்தும். அப்போது இன்னொரு உறுப்பும் ஒட்டிக்கொள்கிறது. வெளியே வந்த பிள்ளை ஐந்து வயதுப் பிள்ளையாக வரவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு வந்தான். எதிர்வீட்டில் அவன் தோழனுக்குப் பூணூல் கல்யாணம் நடக்கிற வயது. காலம் விழுங்கியதை வளர்ச்சியோடு திருப்பித் தருகிறது அருள். ஆணவம் என்று வைத்தால் இந்த வளர்ச்சிக்குப் பொருளே சொல்ல முடியாது.

ஆனால் ஒன்றை மனதார வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கூட்டத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி உட்கார்ந்திருக்கலாம். "பிள்ளை என்பது வெறும் குறியீடு" என்ற சொல் அவர்கள் காதில் விழக்கூடாது. சேக்கிழார் அந்தப் பெற்றோரை எப்படிக் காட்டுகிறார் என்று பாருங்க. அழுகை கேட்கும் வீட்டிலிருந்து அவர்கள் ஓடி வருகிறார்கள். நம்பியாரூரர் வந்தார் என்றதும் துயரத்தை ஒதுக்கி வைத்து வணங்குகிறார்கள். அந்த அன்பைப் பார்த்துத்தான் சுந்தரர் குளக்கரைக்குப் போகிறார். அழுகை உண்மை, பிள்ளை உண்மை. இதை முழுசாகச் சொன்ன பிறகு உட்பொருளைச் சொன்னால் அது கூடுதல் வெளிச்சமாகும். முன்னால் சொன்னால் கல்லெறிகிற மாதிரி.

"எதுக்குப் பூண்டிக்குப் போகணும்" என்பதற்கும் இங்கேயே பதில் இருக்குதுங்க. சித்தாந்தத்தில் பதி (இறை), பசு (உயிர்), பாசம் (கட்டு) மூன்றும் உண்மையில் உள்ள பொருள். எல்லாமே மனநிலை என்று சொல்வது நம் நெறி அல்ல. "உள்ளம் பெருங்கோயில், ஊனுடம்பு ஆலயம்" என்று பாடிய திருமூலரே திருக்கோயில் பூசை தவறினால் நாட்டுக்கு வரும் கேட்டையும் பாடியிருக்கிறார். ஒன்றைச் சொன்னதால் மற்றது தள்ளுபடி ஆகவில்லை. சிவஞானபோதம் 12ஆம் சூத்திரமும் மலம் கழன்றவன் மெய்யடியாரோடு கூடி, மாலற நேயம் மலிந்தவர் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனத் தொழ வேண்டும் என்றுதான் முடிகிறது. முத்தி பெறும் நிலையில் இருப்பவனுக்கே ஆலயத் தொழுகை சொல்லியிருக்கும்போது நமக்கு எப்படிங்க வேண்டாம் என்பது?

அறுபடை வீடு பற்றிச் சுருக்கமாக. பரங்குன்றம் மூலாதாரம், செந்தூர் சுவாதிட்டானம், பழனி மணிபூரகம் என்று வரிசை வைக்கிறார்கள். திருமுருகாற்றுப்படையில் ஐந்தாவதாக வருவது குன்றுதோறாடல். ஒரே ஊரல்ல, முருகன் ஆடும் குன்றெல்லாம். அந்தக் கணக்கில் நம் சென்னிமலையும் சிவன்மலையும் மருதமலையும் ஐந்தாவது ஆதாரமாகிவிடும். நூல் தராத திறவுகோல் எப்படி மாட்டிக்கொள்ளும் என்பதற்கு இதை ஓர் எடுத்துக்காட்டாக வேண்டுமானால் சொல்லுங்க. நூல் தாங்கும் உட்பொருளுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் சூரசம்காரம் இருக்கிறது. தாரகன் மாயை, சிங்கமுகன் கன்மம், சூரபன்மன் ஆணவம். கந்தபுராணத்தில் அந்த வரிசையில்தான் விழுகிறார்கள். சூரன் மட்டும் அழியாமல் சேவலும் மயிலுமாகிறான். ஆணவம் அழிவதில்லை, அதன் சத்திதான் அடங்குகிறது என்ற சித்தாந்தத்தோடு கடைசி உறுப்புவரை அது பொருந்தி வரும்.

---

பூந்துறைநாட்டான்

ஆசிரியை அம்மா சொன்ன முதலை விளக்கத்தை அப்படியே ஏற்கிறேன்.

கூடுதுறையார் சொன்னதில் ஒரு திருத்தம். கடைசியில் நிற்கும் "புருடன்" எதுவும் ஒட்டாத தூய சாட்சி என்று கேட்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள், அது சாங்கியம் என்ற வேறு தத்துவ நெறி. நம் கணக்கில் புருடன் என்பது காலம், நியதி, கலை, வித்தை, அராகம் ஆகிய ஐந்து சட்டைகளைப் போட்ட உயிர். தனியாக நின்றாலும் கட்டோடுதான் நிற்கிறது. சுந்தரரை அதற்கு நேராக வைக்கும்போது "அவர் மட்டும் நின்றார்" என்ற அமைப்பை எடுத்துக்கொள்ளுங்க. அவரையே அந்தக் கட்டுண்ட உயிர் என்று சொல்லிவிடாதீங்க. சேக்கிழாரின் சுந்தரர் கயிலையிலிருந்து வந்த தொண்டர்.

இன்னொன்று. இறைவன் ஏன் பறிக்கச் சொன்னான்? தாமே பொன் கொடுப்பதல்லாமல் வேறொருவர் கொடுக்க நம்பி பெறக்கூடாது என்பதற்காகவோ என்று சேக்கிழார் ஒரு காரணம் சொல்லிவிட்டு, உடனே "அதுஅறியோம்" என்று முடிக்கிறார். கூடுதுறையார் சொன்ன சிவகரண விளக்கம் அந்தக் காரணத்தின் மேல்தான் நிற்கிறது. அது நல்ல விளக்கம், சொல்லுங்க. ஆனால் சேக்கிழாரே உறுதியாகச் சொல்லாத இடத்தில் நாம் அடித்துச் சொல்ல வேண்டாம். "இதற்காகவோ" என்ற அவர் தொனியிலேயே சொல்லுங்க.

45 நிமிடத்தில் பாதிக்கு மேல் பொழிப்புரைக்கும் சேக்கிழார் கதைக்கும் போகட்டும். அவத்தைக் கணக்குக்கு 10 நிமிடம். 35, 25, 3, 2, 1 என்று பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் உடம்பில் இடத்தைத் தொட்டுக் காட்டுங்க. ஷிப்ட் முடித்து வந்தவர்களுக்கு உறக்கத்தை உவமையால் விளக்க வேண்டியதில்லை, நன்றாகவே தெரியும். திரோதானத்தைக் கடைசியில் வைங்க. முதலில் சொன்னால் "கஷ்டமெல்லாம் கடவுள் கொடுப்பது" என்று சுருக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

---

நொய்யல்கரை

சரிங்கய்யா, அப்படியே வெச்சுக்கறேன். ஒரே ஒரு சந்தேகமுங்க. மூணாம் பாட்டுல "பசுக்களே கொன்று தின்று பாவிகள் பாவமொன்றறியார்"னு வருது. இதை எதோட பொருத்துறது? அப்புறம், பறிபோனது திரும்பக் கிடைக்கும்னு பதிகத்துல எங்கயாவது இருக்குதுங்களா?

---

கூடுதுறை

பூந்துறையார் திருத்தம் சரிதான், ஏற்றுக்கொள்கிறேன்.

"பாவமொன்றறியார்" என்பது பொருந்தும். கருவிகள் சடம், அவற்றுக்கு நல்லது கெட்டது தெரியாது, அறிவது உயிர்தான். கண் பாவம் செய்யாது, கண்ணோடு கூடிய உயிர்தான் செய்யும். "பசுக்களே கொன்று தின்று" என்பதற்கு உட்பொருள் தேடாதீங்க. பசு என்பது உயிர் என்று எடுத்தால் உயிரைக் கருவிகள் கொன்று தின்றதாக ஆகும். உயிர் அழியாதது என்ற கொள்கை உடையும். அந்த அடிக்கு நேர்பொருள் மட்டும் சொல்லி அடுத்த பாட்டுக்குப் போங்க.

திரும்பக் கிடைப்பது பதிகத்தில் இல்லீங்க, சேக்கிழார் சொல்வதுதான். பதிகத்தின் கடைசிப் பாட்டு, இந்தப் பத்தும் கொண்டு ஏத்துவார் "இடர் ஒன்றும் தாமிலரே" என்கிறது. இழந்த பொருள் வரும் என்ற வாக்குறுதி அதில் கிடையாது. கூட்டத்தில் யாராவது "இதைப் பாடினால் திருட்டுப்போன நகை கிடைக்குமா" என்று கேட்டால் இந்தப் பாட்டையே எடுத்துப் படித்துக் காட்டுங்க.